வரிசையைப் பிரித்த டென்மார்க்

1993 ஜனவரியில் டென்மார்க்கில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்தது. காரணம், ஈழத் தமிழ் அகதிகள். 1987இல் அந்நாட்டின் நீதித் துறை அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், அகதிகளாக ஏற்கப்பட்ட தமிழர்கள் தங்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளக் கொடுத்திருந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். குடும்பத்தை வரவழைக்கும் உரிமையை 1983ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருந்தது. அமைச்சருக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். விவகாரம் வெளியே வந்தபோது, எதையும் மூடி மறைக்கவில்லை என்று பிரதமர் பவுல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் அடித்துச் சொன்னார். மறைத்தார்கள் என்பதை ஏறக்குறைய 6,000 பக்க விசாரணை அறிக்கை காட்டியது. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பதவியில் இருந்த ஷ்லூட்டர் விலகினார். 1995இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது. டேனிய அரசியல் வரலாற்றில் இதற்குப் பெயரே ‘தமிழர் வழக்கு’.

அன்று ஓர் அமைச்சர் சட்டத்தை மீறிச் செய்ததை, பின்னாளில் டென்மார்க் சட்டம் போட்டே செய்தது. தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதிகள் குடும்பத்தை அழைக்க மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது நாட்டின் மனம். அதை மாற்றப் பயன்பட்ட வாதம் ஒன்றே ஒன்று: வெளியாட்கள் பெருகினால் நம் மக்கள்நல அரசு தாங்காது.

இந்த வாதத்தை வெறும் இனவெறி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அப்படி ஒதுக்கத் தயாராக இல்லை. டென்மார்க்கில் மருத்துவமனையில் பில் கிடையாது, பல்கலைக்கழகத்தில் கட்டணம் கிடையாது. படிக்கிற பிள்ளைக்கு அரசே மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. முதியோர் அனைவருக்குமான ஓய்வூதியம் 1956இலேயே வந்துவிட்டது. இத்தனைக்கும் காசு வரியிலிருந்துதான் வருகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வரியாகவே போகிறது; கடையில் ஒரு ரொட்டி வாங்கினாலும் 25% மதிப்புக்கூட்டு வரி. இவ்வளவு வரியை முகம் சுளிக்காமல் கட்ட வேண்டுமானால், நாளை எனக்கு ஒன்று என்றால் இந்த ஊர் என்னைத் தாங்கும் என்ற நம்பிக்கை வேண்டும். எதிர்வீட்டுக்காரன் ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கையும் வேண்டும். அந்த எதிர்வீட்டில் மொழி தெரியாத, வேறு கடவுளைக் கும்பிடுகிற ஒருவர் குடிவந்தால் நம்பிக்கை அப்படியே நிற்குமா?

நிற்காது என்று 2004இல் ஹார்வர்டு பொருளியலாளர்கள் இருவர் ஒரு நூலே எழுதினார்கள். ஆல்பெர்ட்டோ அலெசினாவும் எட்வர்ட் கிளேசரும் கேட்ட கேள்வி எளியது: ஐரோப்பா ஏழைகளுக்குச் செலவழிக்கும் அளவுக்கு அமெரிக்கா ஏன் செலவழிப்பதில்லை? இடைவெளியில் ஏறக்குறைய பாதிக்கு அமெரிக்காவின் இனப் பன்மையே காரணம் என்பது அவர்கள் கணக்கு. மீதிப் பாதி அரசியல் அமைப்பால் வந்தது. வெள்ளை வாக்காளர் தன் வரிப்பணம் கறுப்பர் வீட்டுக்குப் போவதாக நினைக்கும்போது கையை இறுக்கிக்கொள்கிறார். ஐரோப்பாவிலும் குடியேறிகள் பெருகினால் வலதுசாரிகள் இதே ஆயுதத்தை எடுப்பார்கள் என்று எச்சரித்தார்கள். எடுத்தார்கள்.

ஆனால், அந்தக் கோட்பாட்டுக்கு ஓர் ஓட்டை உண்டு. டேனிய வரலாற்றிலேயே அது கிடக்கிறது. பன்மைதான் கருணையைக் கொல்கிறது என்றால், ஒரே மொழியும் ஒரே திருச்சபையுமாக இருந்த பழைய டென்மார்க் ஏழைகளைத் தங்கத் தட்டில் தாங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1849ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், வறியோர் நிதியில் உதவி வாங்கி அதைத் திருப்பிக் கட்டாதவரிடமிருந்து வாக்குரிமையைப் பறித்தது. 1891இல் முதியோர் உதவி வந்தபோதும் ‘தகுதியுள்ள’ ஏழைகளுக்கு மட்டுமே என்று பிரித்தார்கள். குடிகாரர், ஊர்சுற்றி, சோம்பேறி எனப் பெயர் வாங்கியவருக்கு இல்லை. எல்லாரும் டேனியர்கள்தான், எல்லாரும் வெள்ளையர்கள்தான். பிரிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் நிறம் கிடைக்காத இடத்தில் குணத்தை வைத்துப் பிரிப்பார்கள்.

இதைத் தளர்த்தியது தொழிற்சங்க அரசியல். 1933 ஜனவரி 30 அன்று, பெர்லினில் ஹிட்லர் பதவியேற்ற அதே நாளில், கோபன்ஹேகனில் கான்ஸ்லர்காடே தெருவிலுள்ள பிரதமர் ஸ்டௌனிங்கின் வீட்டில் கட்சிகள் உட்கார்ந்து பேரம் பேசின. விவசாயிகளுக்குச் சலுகை, தொழிலாளர்களுக்குச் சமூகச் சீர்திருத்தம் என்று ஒப்பந்தமானது. உதவி என்பது தருமம் இல்லை, உரிமை என்ற கொள்கை அப்போதுதான் சட்டத்துக்குள் நுழைந்தது. ஆக, டேனிய ஒற்றுமை இயல்பாக விளைந்த பயிர் அல்ல. அரசியல்வாதிகள் இரவெல்லாம் விழித்துச் செய்த ஏற்பாடு. ஏற்பாடாகச் செய்ததை இன்னோர் ஏற்பாட்டால் குலைக்கவும் முடியும்.

குலைப்பு 2001இல் தொடங்கியது. பியா கியர்ஸ்கோர் தலைமையிலான டேனிய மக்கள் கட்சி அந்த ஆண்டு வலதுசாரி அரசுக்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுத்தது. இந்தக் கட்சியை அமெரிக்க பாணி வலதுசாரி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அது நலத்திட்டங்களை எதிர்க்கவே இல்லை. முதியவர்களுக்கு அதிகம் கொடு, மருத்துவமனைக்கு அதிகம் கொடு, வந்தேறிகளுக்கு வெட்டு என்றது. வயதான டேனியத் தொழிலாளி வாக்கை அள்ளிக் கொடுத்தார். ஏழை முதியோருக்குத் தனி உதவித்தொகை வந்தது. மறுபக்கம் 2002 ஜூலை 1 முதல் அகதிகளுக்குத் ‘தொடக்க உதவி’ என்ற புதிய, குறைந்த தொகை. சட்டத்தில் அகதி என்ற சொல் இல்லை. கடந்த எட்டு ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் டென்மார்க்கில் வாழாதவர் எவரானாலும் இந்தத் தொகைதான் என்று எழுதினார்கள். யாரைக் குறிவைத்து என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

இதில் ஒரு விசித்திரம், அந்தத் தேதி ஆராய்ச்சியாளர்களுக்கு வாய்த்த பரிசோதனைக்கூடமாக ஆயிற்று. ஜூலை 1க்குச் சற்று முன்பு வதிவுரிமை பெற்றவருக்கு முழுத் தொகை. சற்றுப் பின்பு பெற்றவருக்கு வெட்டுத் தொகை. மற்றபடி இரு சாராருக்கும் வேறுபாடு கிடையாது. ஆண்டர்சன், டஸ்ட்மன், லாண்டர்சோ ஆகிய மூவரும் இவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வெட்டு விழுந்த குடும்பங்களின் கைக்கு வரும் வருமானம் சராசரியாகச் சுமார் 40% குறைந்தது. அரசு எதிர்பார்த்தது போலவே முதலில் வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கை கூடியது. பிறகு அந்தப் பலன் கரைந்தது. பெண்கள் பலர் வேலைச் சந்தையிலிருந்தே விலகிப் போனார்கள். கூடவே, பெண்கள் மீது திருட்டு வழக்குகள் ஏறின. பெரிய திருட்டல்ல, சூப்பர்மார்க்கெட்டில் பொருளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து பிடிபடும் வகை. பிள்ளைகள் மழலையர் பள்ளிக்குப் போவது குறைந்தது, மொழித் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. வளர்ந்த பிள்ளைகள் படித்த ஆண்டுகளும் குறைந்தன. மிச்சம் பிடித்த பணத்தைப் போலீசும் நீதிமன்றமும் பின்னாளில் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

1980களில் வந்த ஈழத் தமிழர்களுக்கு இந்த அரை உதவி கிடையாது. முழு உதவியோடு மொழி வகுப்புக்குப் போய், தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இன்று டேனிய ஊடகங்கள் ‘நன்றாகக் கலந்துவிட்ட’ அகதிகளுக்கு எடுத்துக்காட்டாக அவர்களைக் காட்டுவதுண்டு. அது தமிழனின் உழைப்பு என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால், அதே உழைப்பாளி 2002க்குப் பிறகு வந்து இறங்கியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

மறுதரப்பின் வலுவான சான்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களாலும் அவர்களின் வாரிசுகளாலும் 2018இல் அரசுக்கு நிகரச் செலவு 3,100 கோடி குரோனர் என்று டேனிய நிதியமைச்சகம் கணக்குக் காட்டியது. உள்நாட்டு உற்பத்தியில் 1.4%. மேலை நாட்டவரால் வந்தது நிகர வரவு. இந்தக் கணக்கை மறுப்பதற்கில்லை. போருக்குத் தப்பி வந்தவர்கள், வேலைக்கென்றே வந்த ஜெர்மானியப் பொறியாளர் அளவுக்கு வரி கட்ட மாட்டார்கள்தான். அது ஒரு செலவு; ஆனால், ஒரு மக்கள்நல அரசையே சாய்க்கிற செலவு அல்ல. டென்மார்க் இன்றும் உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சமூகநலத்துக்குத்தான் செலவிடுகிறது.

அப்படியானால் அச்சம் எங்கிருந்து வருகிறது? அலெசினாவே பிற்காலத்தில், மியானோ, ஸ்டான்ட்சேவா ஆகியோருடன் சேர்ந்து இதைத் துருவினார். அமெரிக்காவிலும் ஐந்து ஐரோப்பிய நாடுகளிலும் கருத்துக்கணிப்பு. எல்லா நாட்டிலும் மக்கள் குடியேறிகளின் எண்ணிக்கையை உண்மையைவிட மிக அதிகமாகச் சொன்னார்கள். இருப்பதைவிட ஏழைகளாக, படிக்காதவர்களாக, அரசு உதவியை நம்பிக் கிடப்பவர்களாக நினைத்திருந்தார்கள். ஒரு கேள்வியில் இரண்டு பேர். வயது, வேலை, குடும்பம், வருமானம் எல்லாம் ஒன்றே. ஒருவர் பெயர் ஜான், மற்றவர் பெயர் முகம்மது. அரசிடமிருந்து யாருக்கு அதிகம் கிடைக்கும்? முகம்மதுவுக்குத்தான் என்று சொன்னவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். இன்னும் மோசம் என்னவென்றால், சிலரிடம் முதலில் குடியேற்றத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, பிறகு ஏழைகளுக்கான உதவியைப் பற்றிக் கேட்டார்கள். கேள்வியின் வரிசையை மாற்றியதற்கே ஆதரவு இறங்கிவிட்டது. அங்கே புதிதாக ஒரு குடியேறியும் வந்து இறங்கவில்லை. பேச்சு மட்டும்தான் வந்து இறங்கியது.

டேனிய ஆய்வாளர்கள் லேன ஆரோவும் மிகேல் பாங் பீட்டர்சனும் 2014இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அரசு உதவி வாங்கும் ஒருவரைப் பற்றி டேனியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் கேட்டார்கள். அவரைப் பற்றி எதுவும் சொல்லாதபோது டேனியர் தாராளம், அமெரிக்கர் கறார். இரண்டே வாக்கியத்தில் விவரம் சேர்த்தார்கள்: எப்போதும் வேலைக்குப் போனவர், விபத்தில் அடிபட்டார், திரும்ப வேலைக்குப் போக ஆசைப்படுகிறார். உடனே இரு நாட்டாரின் பதிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. உடல் நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போக மனமில்லை என்று சொன்னபோதும் அப்படியே, டேனியரும் கறாராகிவிட்டார். அதாவது டேனிய ரத்தத்தில் கூடுதல் கருணை எதுவும் ஓடவில்லை. உதவி வாங்குபவர் என்றதும் மனத்தில் எழும் முகம் எது என்பதுதான் வேறுபாடு. அந்த முகத்தை வரைவது பத்திரிகையும் அரசியல்வாதியும்.

2022 இதை வெட்டவெளிச்சமாக்கியது. டென்மார்க்கில் அடைக்கலம் கேட்டவர்கள் 2015இல் சுமார் 21,000 பேர். நாடே முழுகிப்போகிறது என்று கூச்சல். அகதிகளிடம் 10,000 குரோனருக்கு மேல் இருக்கும் பணத்தையும் விலையுயர்ந்த பொருட்களையும் பறிமுதல் செய்ய 2016 ஜனவரியில் சட்டம் வந்தது. கல்யாண மோதிரத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். (தாலிக்கொடியை எந்தக் கணக்கில் வைத்திருப்பார்களோ!) ரஷ்யா படையெடுத்த பிறகு, 2022இல் உக்ரைனிலிருந்து வந்தவர்கள் 30,000க்கும் மேல். தனிச் சட்டம் போட்டு, விரைவாக வதிவுரிமையும் வேலை செய்யும் உரிமையும் கொடுத்தார்கள். பள்ளிகளும் நகராட்சிகளும் கதவைத் திறந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் டமாஸ்கஸ் பாதுகாப்பாகிவிட்டது என்று சொல்லிச் சிரிய அகதிகள் சிலரின் அனுமதியை டென்மார்க் ரத்து செய்துகொண்டிருந்தது. தலைகளின் எண்ணிக்கை சிக்கலாக இருந்திருந்தால் 2022இல்தான் அதிகமாகக் கத்தியிருக்க வேண்டும்.

சமூக ஜனநாயகக் கட்சியின் வாதம் வேறு வகை. 2019இல் மெட்டே ஃபிரெடெரிக்சன் குடியேற்றத்தில் வலதுசாரிகளுக்கு இணையான கடுமையும் நலத்திட்டத்தில் இடதுசாரித் தாராளமும் சேர்த்துத் தேர்தலில் நின்று பிரதமரானார். புதிதாக வந்தவர்கள் குடியேறுவது பணக்காரர் வாழும் வட்டாரத்தில் இல்லை. தொழிலாளி வாழும் வட்டாரத்தில்தான், பள்ளி நெருக்கடியும் கூலிப் போட்டியும் அவன் தலையில்தான் விடிகிறது என்றார்கள். கொள்கையை அமல்படுத்திய குடியேற்றத் துறை அமைச்சர் மத்தியாஸ் டெஸ்ஃபாயே, எத்தியோப்பிய அகதி ஒருவரின் மகன், கொத்து வேலை பார்த்தவர். அவர் பேச்சில் உண்மை உண்டு. நகரத்தின் நல்ல வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு பன்மையைப் போற்றுவதற்குச் செலவு கிடையாது.

பலன்? 2015இல் 21.1% வாங்கிய டேனிய மக்கள் கட்சி 2019இல் 8.7%ஆக, 2022இல் 2.6%ஆகச் சுருங்கியது. வெற்றி என்று ஐரோப்பிய இடதுசாரிகள் பலர் கைதட்டினார்கள். அந்த வாக்குகள் ஆவியாகிவிடவில்லை. 2021இல் அகதித் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்து வைத்ததற்காக 60 நாள் தண்டனை பெற்ற முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டொய்பெர்க், அடுத்த ஆண்டே புதுக்கட்சி தொடங்கி 8.1% வாங்கினார். தமிழர் வழக்குக்குப் பிறகு சிறப்பு நீதிமன்றம் தண்டித்த முதல் அமைச்சர் அவர். அன்று தண்டனை அரசைக் கவிழ்த்த விவகாரத்தின் முடிவாக வந்தது; இன்று தண்டனைக்குப் பின்னும் கட்சி தொடங்க முடிகிறது. 2025 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி, நூறாண்டுக்கும் மேலாகக் கையில் வைத்திருந்த கோபன்ஹேகனையே இழந்தது.

எனக்குப் பெரிய கவலை வேறு. வரிசையை ஒருமுறை பிரித்துவிட்டால் பிளவு எங்கே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அகதிக்கென்று செய்த ஏற்பாடு மெல்ல டேனிய ஏழையைத் தொட்டது. 2016இல் உதவித்தொகைக்கு உச்சவரம்பு வந்தது. ஆண்டுக்கு 225 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. தலைமுறை தலைமுறையாக டேனியராக இருக்கும் நோயாளிகளும் தனித்தாய்களும் அதில் சிக்கினார்கள். 2025 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய முறையில், கடந்த பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, இரண்டரை ஆண்டுகள் முழுநேர வேலையும் செய்திருந்தால்தான் சாதாரண விகிதம். இல்லாவிட்டால் குறைந்த விகிதம், அதோடு வாரம் 37 மணி நேர வேலைக் கடமை. 1891இன் ‘தகுதியுள்ள ஏழை’ வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறார்.

இதே முடிச்சை நாம் ஒருமுறை வேறு விதமாக அவிழ்த்திருக்கிறோம். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு மறுத்தது. சாதிக்கொரு தெரு வைத்திருக்கும் சமூகம் இது. பன்மை ஒற்றுமையைக் கொல்லும் என்றால் முதலில் செத்திருக்க வேண்டிய இடம். ஆனால், அரிசி அட்டை வைத்திருப்பவர் யாரானாலும் அதே கடையில் அதே அரிசியை வாங்குகிறார். (கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதில் சாதி இருக்கிறது, அது தனிக் கட்டுரை.) நடுத்தர வர்க்கமும் அந்த வரிசையில் நிற்பதால்தான் எந்தக் கட்சியும் அதில் கை வைக்கத் துணிவதில்லை. தமிழ், மலையாள அடையாள அரசியலே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நலத்திட்டங்களை வளர்த்தது என்று பிரேர்ணா சிங் 2015இல் நூலாக எழுதினார். ‘நாம்’ என்று உணர்ந்ததால் கொடுத்தோம் என்பது அவர் வாதம். பெருமைப்படலாம். அந்த ‘நாம்’ யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வி இப்போது திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வந்து நிற்கிறது.

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஒடிசா, பிஹார் தொழிலாளி இங்குள்ள கடையில் மத்திய அரசு ஒதுக்கும் தானியத்தை வாங்கிக்கொள்ளலாம். மாநில அரசு மானியத்தில் கொடுக்கும் முப்பது ரூபாய் துவரம் பருப்பும் இருபத்தைந்து ரூபாய் பாமாயிலும் அவருக்குக் கிடையாது. ‘நம் வரிப்பணம், நம் மக்களுக்கு’ என்று இதற்கு நியாயம் சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஜிஎஸ்டி என்பது பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கு வரும் வரி. பல்லடத்துத் தறிக்கூடத்தில் வேலை செய்பவர் வாங்கும் சோப்பில் உள்ள மாநிலப் பங்கு நம் கருவூலத்துக்குத்தான் வருகிறது. அவருடைய சொந்த ஊருக்குப் போவதில்லை. அவர் ஏற்கெனவே நம் பருப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வந்த அன்றே எல்லாம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நியாயமான காத்திருப்புக் காலம் ஒன்றும் குற்றமில்லை. பத்தில் ஒன்பது ஆண்டுகள் என்பதுதான் குற்றம். பள்ளியில் காலை உணவை அரசு சரியாகச் செய்கிறது: அரசுத் தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அப்பா எந்த ஊர் என்று கேட்டுத் தட்டு வைப்பதில்லை. அந்த நெறியை ரேஷன் கடைக்கும் நீட்ட வேண்டும். குடும்பத்தோடு ஆறு மாதம் இங்கே தங்கி உழைத்ததற்குச் சான்று காட்டும் எந்தத் தொழிலாளிக்கும், அவருடைய அட்டை எந்த மாநிலத்தது ஆனாலும், பருப்பும் எண்ணெயும் அதே விலையில் கொடுக்க ஓர் அரசாணை போதும். வெறுப்பைக் காசாக்கத் தெரிந்த கட்சி இங்கே வேர்விடும் முன்பே உணவுத் துறை அதை வெளியிட வேண்டும்.